காது எங்கே, கால் அங்கே

தனியே ஓட்டிப் போனால் சொன்ன சொல் கேட்கிற குதிரை, ஏழெட்டுக் குதிரைகளோடு காட்டுப் பாதையில் இறங்கியதும் ஆளே மாறிவிடும். முன்னால் போகும் குதிரையின் வாலில் மூக்கை ஒட்டிக்கொண்டு போகும். கொஞ்சம் பின்தங்கினால் நடக்கவும் நடக்காது, ஓடவும் ஓடாது. குதித்துக் குதித்து வரும். லகானை இழுத்தால் தலையை உதறும். இன்னும் இழுத்தால் பக்கவாட்டில் நடக்கும். ஒரு மணி நேரத்தில் சவாரிக்காரருக்குத் தோள்பட்டை கழன்றுவிடும். குதிரை நுரை தள்ள வியர்த்து நிற்கும். 'திமிர் பிடித்தது' என்று பெயர் வைத்துவிட்டு, அடுத்த சவாரிக்கு இன்னும் கடுமையான கடிவாளம் வாங்கி மாட்டுவார்கள். குதிரைக்காகச் செய்யும் செலவுகளில் இதைவிட வீண் செலவு கிடையாது. குதிரையின் கவனம் முழுக்க முன்னால் போகிறவனிடம் இருக்கிறது. கால்கள் அந்தக் கவனத்தைத் துரத்துகின்றன. கவனத்தைத் திருப்பாமல் காலை அடக்க முடியாது என்பதற்கு, கடந்த சில பத்தாண்டுகளில் நடந்த ஆய்வுகளில் நிறையவே சான்று இருக்கிறது.

குதிரைக்குக் கொம்பில்லை, நகமில்லை. திறந்த புல்வெளியில் ஓநாயிடமிருந்து அதைக் காத்தவை அதன் வேகமான கால்களும், கூட நிற்கும் மற்ற குதிரைகளின் கண்ணும் காதும்தான். பத்துக் குதிரைகள் மேயும் இடத்தில் பெரும்பாலும் ஒரு தலையாவது நிமிர்ந்திருக்கும். கூட்டத்தை விட்டுப் பிரிந்தால் அந்தக் காவல் போய்விடுகிறது. அதனால்தான் பழகிய துணையைக் கண்ணுக்கு மறைவாகக் கொண்டுபோனால் குதிரைக்கு இதயத்துடிப்பு ஏறுகிறது. கனைக்கிறது, சாணி போடுகிறது, இங்குமங்கும் அலைகிறது.

போனது யார் என்பதும் அதற்குத் தெரியும். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், ஒரு குதிரையின் கண்முன்னே அதன் கூட்டாளியை நடத்திச் சென்று மறைத்தார்கள். பிறகு மறைவிலிருந்து கனைப்பொலியை ஒலிபெருக்கியில் விட்டார்கள். சில சமயம் போனவனின் குரலையே விட்டார்கள், சில சமயம் வேறொரு கூட்டாளியின் குரலை. ஆளும் குரலும் பொருந்தாதபோது குதிரை சட்டென்று திரும்பியது, அதிக நேரம் அந்தப் பக்கமே பார்த்தது. ஒவ்வொரு கூட்டாளியின் உருவத்தையும் குரலையும் அது சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறது.

சரி, கூட்டத்தை நடத்துவது யார்? மூத்த பெட்டைக் குதிரை முன்னே போகும், மற்றவை பின்னே போகும் என்று சவாரிக்காரர்கள் காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். பிரான்ஸின் தென்பகுதி மேட்டுநிலம் ஒன்றில் வாழும் பிரெஸ்வால்ஸ்கி இனக் குதிரைகளைக் கவனித்த மரி பூர்ஜாத் குழுவினர் கண்டது வேறு. கூட்டம் கிளம்புமுன் ஒன்றல்ல, பல குதிரைகள் அதற்கான அறிகுறிகளைக் காட்டின. நிரந்தரத் தலைவி என்று யாருமில்லை. கிளம்பும் முடிவு பலரிடையே பகிரப்பட்டிருந்தது. எனவே முன்னால் போகும் குதிரையை அடக்கிவிட்டால் வரிசை முழுதும் அடங்கும் என்ற நம்பிக்கை பாதிதான் சரி. நடுவில் ஒன்று பரபரத்தாலும் முன்னும் பின்னும் தொற்றும்.

கொடைக்கானல் ஏரிச் சாலையில் வாடகைக் குதிரை ஏறியவர்கள் இந்த மந்தைக் கணக்கைத் தெரியாமலே அனுபவித்திருப்பார்கள். லகான் நம் கையில் இருக்கும். குதிரையின் காதோ கூட நடக்கும் குதிரைக்காரரின் குரலிலும் முன்னால் கேட்கும் குளம்பொலியிலும் இருக்கும். அவர் ஒரு சத்தம் கொடுத்ததும் எல்லாம் சேர்ந்து திரும்பும். மேலே உட்கார்ந்திருப்பவர், தாம்தான் ஓட்டுவதாக நினைத்துப் படம் எடுத்துக்கொள்வார்.

இனி கால்களைப் பார்ப்போம். சவாரிப் பள்ளிகளில் வாக், டிராட், கேன்டர், கேலப் என்று நான்கு நடைகளைச் சொல்லிக்கொடுப்பார்கள். வாக்கில் நான்கு குளம்பும் தனித்தனியாக விழும். மணிக்கு ஆறு, ஏழு கிலோமீட்டர் போகலாம். டிராட்டில் குறுக்குக் கால்கள் ஜோடி ஜோடியாக விழும். வேகம் மணிக்கு 13 கிலோமீட்டரை ஒட்டி இருக்கும். 1981இல் டொனால்ட் ஹாய்ட், ரிச்சர்ட் டெய்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் மட்டக் குதிரைகளை டிரெட்மில்லில் ஓடப் பழக்கி, ஒவ்வொரு வேகத்திலும் எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்று அளந்தார்கள். ஒவ்வொரு நடைக்கும் சிக்கனமான வேகம் ஒன்று இருந்தது. அதைவிட மெதுவாகப் போனாலும் விரைவாகப் போனாலும், ஒரு மீட்டரைக் கடக்க ஆகும் செலவு கூடியது. சுவாரசியமே இதற்குப் பிறகுதான். தரையில் தம் போக்கில் விடப்பட்டபோது, குதிரைகள் தாமாகத் தேர்ந்துகொண்ட வேகங்கள் அந்தச் சிக்கன வேகங்களை ஒட்டியே இருந்தன. ஒரு நடைக்கும் அடுத்த நடைக்கும் இடைப்பட்ட வேகங்களில் அவை தங்கவே இல்லை.

குழுச் சவாரியின் பாதித் தொல்லை இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. முன் குதிரை மணிக்கு ஏழு கிலோமீட்டர் நடக்கும் நெட்டைக்கால் குதிரை. நம் குதிரைக்குச் சௌகரியம் ஐந்தரை என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 25 மீட்டர் பின்தங்கும். பத்து நிமிடத்தில் முன்னவன் கால் கிலோமீட்டர் தள்ளி வளைவில் மறைந்துவிடுவான். டிராட் போனால் அவன்மேல் போய் முட்டும், லகான் விடாது. நடந்தால் பின்தங்கும், மந்தைப் பயம் விடாது. எந்த வேகத்தில் தங்க அதன் உடம்பு மறுக்கிறதோ, அந்த வேகத்திலேயே அதை நாள் முழுக்கக் கட்டிவைக்கிறோம். சவாரிக்காரர்கள் 'ஜிக்' என்று சலித்துக்கொள்ளும் அந்தக் குதிநடை இங்கேதான் பிறக்கிறது. இதற்கு முதல் மருந்து கடிவாளத்தில் இல்லை, சவாரிக்கு ஆள் சேர்ப்பதில் இருக்கிறது: நடை ஒத்த குதிரைகளைச் சேர்த்து அனுப்ப வேண்டும், முடியாவிட்டால் மெதுவான குதிரையின் வேகத்துக்கு மற்றவை இறங்க வேண்டும்.

எல்லாக் குதிரையும் ஒரே வேகத்தில் நடந்தாலும் வரிசை ஒரே நீளத்தில் இருப்பதில்லை. எட்டுக் குதிரைகள், இடையிடையே ஒரு குதிரை நீளம் விட்டுப் போனால், மொத்தம் சுமார் 40 மீட்டர். வழியில் ஓர் ஓடை வருகிறது. ஒவ்வொன்றும் தயங்கி, தண்ணீரை மோந்து, கடக்க முன்னதைவிடப் பத்து விநாடி தாமதிக்கிறது. முதல் குதிரை நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால், எட்டாவது கரையேறும்போது எழுபது விநாடி பின்தங்கியிருக்கும். நடை வேகத்தில் அது 115 மீட்டருக்கு மேல். சிக்னலில் பச்சை விழுந்ததும் கடைசி வண்டி கிளம்புவதற்குள் முதல் வண்டி அடுத்த தெருவில் இருப்பதைப் போன்றதுதான். ஆனால் வண்டிக்குப் பயமில்லை. எட்டாவது குதிரை கரையேறுகிறது, கூட்டம் கண்ணில் இல்லை, பாய்ந்து ஓடுகிறது. ஒரு நிமிடம் டிராட் ஓடினால் பிடித்துவிடலாம். பிடித்ததும் நிம்மதி. இப்படி நான்கு ஓடை கடந்தால், 'தண்ணீரைத் தாண்டியதும் ஓட வேண்டும்' என்று அது பாடம் படித்துவிடுகிறது. ஐந்தாவது ஓடையில் யாரும் முன்னால் போகாவிட்டாலும் ஓடும். கடைசிக் குதிரை கரையேறி அமைதியாகும்வரை முன்னால் போனவர்கள் நிற்க வேண்டும் என்று அனுபவசாலிகள் வற்புறுத்துவது இதற்காகத்தான். மேட்டில் ஏறுவதற்கும் கதவு திறந்து மூடுவதற்கும் இதே விதிதான்.

அந்த ஒரு குதிரை நீள இடைவெளிக்கும் காரணம் உண்டு. குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருப்பதால், தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய 350 பாகை பார்க்கிறது. பார்க்க முடியாதது வாலுக்கு நேர்பின்னே உள்ள பட்டையும், நெற்றிக்கு நேர்முன்னே மூக்கடியில் உள்ள சிறு பகுதியும்தான். முன்னவனின் வாலில் ஒட்டி நடக்கும் குதிரை இந்த இரண்டிலும் மாட்டிக்கொள்கிறது: முன்னவனுக்கு இவன் தெரிவதில்லை, இவனுக்குக் காலடிக் கல் தெரிவதில்லை. முன்னவன் திடுக்கிட்டு உதைத்தால் அடி இவன் நெஞ்சில் விழும், அல்லது சவாரிக்காரரின் முழங்காலில். இடைவெளியை அளக்கச் சுலபமான வழி இருக்கிறது. நம் குதிரையின் இரண்டு காதுகளுக்கு நடுவே, முன்னே போகும் குதிரையின் பின்னங்குளம்புகள் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நெருங்கிவிட்டோம் என்று பொருள். அங்கே வாலில் சிவப்பு நாடா கட்டியிருந்தால் இன்னும் தள்ளிப் போவது நல்லது. அது உதைக்கும் குதிரை என்பதற்கு மேலைநாடுகளில் வழங்கும் அடையாளம்.

மேலே இருப்பவருக்கு நாள் முழுக்கக் கண்ணெதிரே இருக்கும் கருவி அந்தக் காதுகள்தான். தனித்தனியாகத் திரும்பக்கூடிய காது. நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு முடியும் கேள்வி அதற்கு 33,000ஐத் தாண்டும். சசெக்ஸைச் சேர்ந்த ஜெனிஃபர் வாத்தனும் காரென் மெக்கோம்பும் 2014இல், இரண்டு தீவன வாளிகளில் ஒன்றைப் பார்க்கும் குதிரையின் படத்தை இன்னொரு குதிரைக்குக் காட்டினார்கள். படத்துக் குதிரை கவனிக்கும் வாளியையே நிஜக் குதிரையும் பெரும்பாலும் தேர்ந்தது. படத்தில் காதை மூடியதும் அந்தத் திறமை போய்விட்டது. கண்ணை மூடினாலும் அப்படியே. குதிரைகள் ஒன்றன் கவனத்தை ஒன்று காதிலும் கண்ணிலும் படிக்கின்றன; நாமும் படிக்கலாம். இரண்டு காதும் ஈட்டிபோல் முன்னே குத்தி நின்றால் நாம் அங்கே இல்லை என்றே அர்த்தம். ஒரு காது முன்னே, ஒரு காது நம் பக்கம் மடங்கி, அடிக்கடி மாறிக்கொண்டிருந்தால் நல்ல அறிகுறி: பாதையையும் பார்க்கிறது, நம்மையும் கேட்கிறது. இரண்டும் பின்னால் ஒட்டிப் படுத்தால் கோபம்; பக்கத்தில் யாரையும் விடக் கூடாது.

அறிகுறி மாறும் அந்தக் கணத்தில்தான் வேலை செய்ய வேண்டும். குதிரை ஓடத் தொடங்கிய பிறகு லகானைப் பிடித்துத் தொங்குவதில் பயன் குறைவு. ஐந்நூறு கிலோவோடு கயிறு இழுக்கும் போட்டியில் நமக்கு வெற்றி கிடையாது. கடிவாளத்தின் இரும்பு, முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல் இல்லாத இடைவெளியில், நாக்கின் மேல் கிடக்கிறது. இழுத்தால் வலிக்கும். அந்த வலி எப்போது நீங்குகிறதோ, அந்தக் கணத்தில் தான் என்ன செய்துகொண்டிருந்ததோ அதைத்தான் குதிரை கற்றுக்கொள்கிறது. உளவியலில் இதை எதிர்மறை வலுவூட்டல் என்பார்கள். வேகத்தைக் குறைத்த மறுநொடியே பிடி தளர்ந்தால், குறைப்பதைக் கற்கும். குறைத்தாலும் பிடி தளரவில்லை என்றால் கற்பதற்கு ஒன்றுமில்லை, வாய் மரத்துப்போகும். தலையை உதறியபோது சவாரிக்காரர் கை தவறிப் பிடியை விட்டால், உதறுவதைக் கற்றுக்கொள்ளும். 2007இல் தொடங்கப்பட்ட பன்னாட்டுக் குதிரையேற்ற அறிவியல் சங்கம் திரும்பத் திரும்பச் சொல்லும் விதிகளில் இதுவும் ஒன்று. காலால் உந்தி, அதே நேரத்தில் லகானால் இழுக்காதே என்பது மற்றொன்று.

நல்ல சவாரிக்காரரின் கையைப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். குதிரையின் தோள்கள் மாறி மாறி முன்னே வருவது அவருக்குத் தொடை வழியே தெரியும். மூச்சை நீளமாக விட்டு, இடுப்பின் அசைவை ஒரு பிசிறு குறைப்பார். மோதிர விரலும் சுண்டுவிரலும் லகானின்மேல் மூடும். அடுத்த அடி சிறிது சுருங்கும். விரல்கள் உடனே திறக்கும். அரை நொடிதான். இரண்டு அடி கழித்துக் குதிரை மறுபடி நீட்டி நடந்தால் மறுபடியும் மூடித் திறப்பார். ஒரு மணி நேரத்தில் நூறு தடவை செய்திருப்பார். ஒரு தடவைகூட லகான் இறுகியே தங்கியிருக்காது. ஈ உட்கார்ந்த இடத்தில் மட்டும் தோலைச் சிலிர்க்கத் தெரிந்த பிராணிக்கு இவ்வளவு போதும்.

இதோடு சின்னச் சின்ன வேலை கொடுப்பதும் உண்டு. பாதை அகலமாக இருந்தால் இந்த மரத்துக்கு இடப்புறம், அடுத்ததற்கு வலப்புறம் என்று வளைத்து ஓட்டுவது, பத்து அடி நடந்து மூன்று விநாடி நிற்பது, பின்னங்காலைப் பக்கவாட்டில் ஓரடி தள்ளவைப்பது. வேகத்தைத் தருவது பின்னங்கால்களின் உந்தல். அவை ஒன்றையொன்று குறுக்கே கடக்கும்போது உந்தல் குறைகிறது, எந்தக் கால் எங்கே என்று யோசிக்க வேண்டியிருப்பதால் ஒரு காது நம் பக்கம் வந்துவிடுகிறது. ஒருபுறம் பள்ளம் உள்ள ஒற்றையடிப் பாதையில் மட்டும் இந்த வித்தைகளைக் காட்டக் கூடாது. அங்கே முன்னவர்களை நிற்கச் சொல்வதே வழி. வரிசையில் இடம் மாற்றிப் பழக்குவதும் பெரிய பயன் தரும்: கடைசிக் குதிரை நடையிலேயே எல்லாரையும் கடந்து முன்னே வரும், சற்று நேரத்தில் அடுத்தது. பின்தங்குவது உலகம் முடிவதல்ல என்று ஒவ்வொன்றுக்கும் பழகிப்போகும்.

மந்தைக் குணத்தால் தொல்லை மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யானே விந்தர் கிறிஸ்டென்சன் குழுவினர் 2008இல், பயமுறுத்தும் பொருளுக்கு முன்பே பழகிவிட்ட ஒரு குதிரையோடு புதுக் குதிரையை ஜோடி சேர்த்தார்கள். பழகாத துணையோடு நின்றவற்றைவிட இவற்றின் இதயத்துடிப்பு குறைவாக இருந்தது. பிறகு தனியே விட்டபோதும் அமைதி ஓரளவு நீடித்தது. பயந்தாங்கொள்ளியை அனுபவசாலிக்குப் பின்னால் விடும் பழைய வழக்கத்துக்கு இப்போது சான்று கிடைத்திருக்கிறது.

போகும்போது பேசாமல் கடந்த பாறையைக் கண்டு திரும்பும்போது மிரளுவது இன்னொரு புதிர். இடக்கண் பார்த்தது வலக்கண்ணுக்குத் தெரியாது என்று குதிரைக்காரர்கள் சொல்வதுண்டு. ஈவ்லின் ஹாங்கி 1999இலேயே சோதித்து, ஒரு கண்ணால் கற்றது மறு கண்ணுக்கும் போய்ச்சேர்கிறது என்று காட்டிவிட்டார். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டெம்பிள் கிராண்டின் பங்கேற்ற ஆய்வு (2021) வேறு விளக்கத்துக்கு இடம் தருகிறது. குழந்தைகள் ஏறி விளையாடும் பிளாஸ்டிக் சறுக்கு ஒன்றைக் குதிரைகளுக்கு நன்றாகப் பழக்கிவிட்டு, 90 பாகை திருப்பி வைத்தார்கள். புதுப் பொருளைப் பார்த்ததுபோல் மிரண்டன. அப்படியென்றால் மறுபக்கத்திலிருந்து பார்க்கும் பாறை அதற்கு வேறு பாறைதான். அடிப்பதில் நியாயமில்லை, நின்று பார்க்கவிட்டு நடத்த வேண்டும்.

மேலே இருப்பவரின் நெஞ்சும் கணக்கில் சேரும். ஸ்வீடனில் லிண்டா கீலிங்கும் சக ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட சோதனையில், ஆட்கள் குதிரையை ஒரே பாதையில் நான்கு முறை நடத்தினார்கள் அல்லது ஓட்டினார்கள். நான்காம் முறைக்கு முன், பக்கத்தில் இருப்பவர் குடையை விரிப்பார் என்று ஆட்களிடம் மட்டும் சொன்னார்கள். குடை விரியவே இல்லை. ஆட்களின் இதயத்துடிப்பு ஏறியது. குடையைப் பற்றி ஒன்றும் அறியாத குதிரைகளின் துடிப்பும் ஏறியது. முன்னால் மிரளப்போகிறது என்று நாம் லகானைச் சுருட்டிப் பிடிப்பதே குதிரைக்கு முதல் எச்சரிக்கை.

இத்தனையும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியும் இடம் கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைகள். வெண்டெல் ராபி 1955இல் தொடங்கிய டெவிஸ் கோப்பை சவாரியில் 100 மைலை, அதாவது 160 கிலோமீட்டரை, 24 மணி நேரத்தில் கடக்க வேண்டும். விடியுமுன் நூற்றுக்கும் மேற்பட்ட குதிரைகள் ஒன்றாகக் கிளம்புகின்றன. மந்தைவெறி உச்சத்தில் இருக்கும் நேரம். வழியில் கால்நடை மருத்துவர்கள் நிறுத்திப் பார்ப்பார்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கும் இதயம் கடும் ஓட்டத்தில் 200ஐத் தாண்டும்; அது 60ஐ ஒட்டி இறங்கி வந்தால்தான் மேலே போக அனுமதி. தசை செலவிடும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கு நகர்வாகிறது என்றாலே அதிகம், மீதி வெப்பம். ஜிக் போட்டுச் சண்டை பிடித்த குதிரை, தூரம் கடக்காமலே அந்த வெப்பத்தைச் சேர்த்துக்கொண்டு வந்து நிற்கும். கிளம்பியவற்றில் ஏறக்குறையப் பாதிதான் சவாரி முடியும் ஆபர்ன் ஊருக்குப் போய்ச்சேரும். முதலில் வருபவருக்குக் கோப்பை உண்டு. என் மதிப்பு ஹாகின் கோப்பைக்குத்தான். முதல் பத்து இடங்களில் வந்தவற்றுள் உடல்நிலை சிறந்த குதிரைக்குக் கொடுப்பது அது.

சாதாரணச் சவாரியில் தகராறு பெரும்பாலும் திரும்பும் வழியில்தான் வரும். லாயத்துப் பக்கம் முகம் திரும்பியதும் தீவனமும் துணையும் நினைவுக்கு வந்துவிடும். போகும்போது தூங்கி வழிந்ததுகூடப் பறக்கும். கடைசி ஒன்றரைக் கிலோமீட்டரை நடையில்தான் கடக்க வேண்டும் என்ற வழக்கம் பல இடங்களில் உண்டு. உடம்புச் சூடு இறங்கவும், இதயத்துடிப்பு அடங்கவும் அந்த நேரம் வேண்டும். யாராவது ஒருவர் 'கொஞ்சம் ஓட்டிப் பார்க்கலாமே' என்று கேலப்பில் கிளம்பினால் மற்ற ஏழு பேரின் உழைப்பும் போச்சு. அடுத்த வாரம் எட்டுக் குதிரையும் அதே திருப்பத்தில் காதை நீட்டும். இன்னும் ஒன்று செய்யலாம். லாயத்தின் வாசலைக் கண்டுகொள்ளாமல் தாண்டி, ஐம்பது மீட்டர் போய், வெறும் வெளியில் இறங்கி, சேணத்தின் வயிற்று வாரைத் தளர்த்தி, லகானைக் கையில் பிடித்து நடத்தி வரலாம். முதல் தடவை வாசலில் முரண்டு பிடிக்கும். காத்திருங்கள், தலையை நம் பக்கம் திருப்பும் கணத்தில் லகானைத் தளர்த்துங்கள், பிறகு நடங்கள்.